எம். ஆடம் அண்ட் சன்

ஆமென் வர இன்னும் வெகுநேரம் இருந்தபோது கிரேன் கயிறு அறுந்தது.

சாப்பாட்டுக்கு முன்பு தூக்கி அந்தரத்தில் நிறுத்தியிருந்த கோதுமை மூட்டைகள் மொத்தமாகக் கடல் பாலத்தின் பலகைமேல் விழுந்தன. பலகை பிளந்தது. சில மூட்டைகள் தண்ணீருக்குள் போயின. மற்றவை வெடித்துக் கோதுமை நாலாபுறமும் ஓடியது. சாப்பாட்டு நேரம் முடிந்து சங்கு ஊதியாகிவிட்டது. ஒழுங்காக வேலை தொடங்கியிருந்தால் அந்த இடத்தில் ஏழு பேர் தலையை அண்ணாந்துகொண்டு நின்றிருப்பார்கள். அவர்கள் அங்கே இல்லை. சரக்குக் கிட்டங்கி நிழலில் உட்கார்ந்து, வேலையைத் தொடங்கவிடாத மனிதரை வைதுகொண்டிருந்தார்கள்.

அந்த மனிதர் கண்ணைத் திறக்கவில்லை. சத்தம் கேட்டது. ஆனால் ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறப்பது அவருக்கு வழக்கமில்லை. அவருடைய ஜெபத்தில் இஸ்ரவேல் ஜனங்கள் அப்போதுதான் யோர்தானில் கால் வைத்திருந்தார்கள். அவர்களை அக்கரை சேர்க்காமல் விட முடியாது.

அவர் பெயர் தேவபிரசாதம். பக்கத்து ஊரான நாசரேத்துக்காரர். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் கம்பெனியில் டாலி கிளார்க். புதுத் துறைமுகம் கட்டி முடியாத வருஷங்கள் அவை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கு தோணிகளில் ஏறிப் பழைய பாலத்துக்கு வரும். இறங்குகிற மூட்டைகளை எண்ணுகிறவர் டாலி கிளார்க். அவர் வந்து நிற்காமல் ஒரு மூட்டை நகரக்கூடாது.

மத்தியானச் சாப்பாட்டை அவர் பாலத்தின் ஓரத்திலிருந்த ஓர் இரும்புக் குத்தியின்மேல் வைத்துச் சாப்பிடுவார். தோணிகளைக் கயிற்றால் கட்டுவதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் நட்ட குத்தி. இடுப்பு உயரம். தலை காளான்போல அகன்று தட்டையாக இருக்கும். அந்தப் பக்கம் ஆழம் தூர்ந்துபோய்த் தோணிகள் வருவதில்லை என்பதால் குத்திக்கு வேலை இல்லை. தூக்குச்சட்டியைத் திறந்து அதன்மேல் வைப்பார். சோற்றைத் தட்டில் எடுத்து, குழம்பை ஊற்றி, ஓரத்தில் துவையலை வைப்பார். எதிரே நின்று தலையைக் குனிந்து கண்ணை மூடி ஜெபம் செய்வார். பிறகு சாப்பிடுவார். பதினெட்டு வருஷமாக இதுதான் நடந்தது. இதைத் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

ஜெபம் முடிந்து அவர் கண்ணைத் திறந்தபோது கூலிகளின் மேஸ்திரி சிவனணைந்தபெருமாள் எதிரே கைகட்டி நின்றான்.

"ஐயா, நீங்க படைக்க நேரமானதுனால எங்க ஏழு பேரு உசிரு மிஞ்சிச்சு."

"எதுக்கு நேரமானதுனால?"

"படைக்க."

"யாருக்குடே படைச்சேன்?"

மேஸ்திரி குத்தியைக் காட்டினான். குத்தியின்மேல் சோறும் குழம்பும் துவையலும் இருந்தன.

தேவபிரசாதம் தட்டைக் கையில் எடுத்தார். "ஏலே, இது என் சாப்பாட்டு மேசை."

"சரி ஐயா. வெளிய சொல்லல" என்றான் சிவனணைந்தபெருமாள், இரகசியம் தெரிந்தவனின் மரியாதையோடு.

அன்று சாயந்திரமே குத்தியில் குங்குமம் இருந்தது. மறுநாள் காலையில் அதன் காலடியில் ஒரு மெழுகுவத்தி உருகிக் கிடந்தது. தேவபிரசாதம் கைக்குட்டையால் குங்குமத்தை அழுந்தத் துடைத்து, கைக்குட்டையைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் மனைவி ஜெயபாய் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். துணி துவைக்க எடுத்தவள் கைக்குட்டையை விரித்துப் பார்த்தாள்.

"இது என்னது?"

"குங்குமம்."

"அது தெரியுது. யாரோடது?"

"ஒரு குத்தியோடது."

"குத்தியா. எந்த ஊர்க்காரி?"

அதை விளக்கி முடிக்க இரவுச் சாப்பாடு ஆறிவிட்டது. விளக்கம் என்று தொடங்கினால் அவர் எப்போதும் ஆதியிலிருந்துதான் தொடங்குவார்.

ஆதியிலிருந்து தொடங்குவதுதான் அவருடைய வாழ்க்கையைக் கெடுத்திருந்தது. வாலிபத்தில் போதகராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். தேர்வுக் கமிட்டியின் முன்னால் ஐந்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். கமிட்டி எழுந்து போன பிறகும் அவர் பேசிக்கொண்டிருந்தார். பிறகு ஊழியம் செய்ய அவருக்குச் சபையில் மிச்சமிருந்தது ஜெபம் ஒன்றுதான். அதையும் ஓர் அசனப் பண்டிகை பறித்துக்கொண்டது. சபையார் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருக்க, சாப்பாட்டை ஆசீர்வதித்து ஜெபிக்கச் சொன்னார்கள். சிருஷ்டிப்பில் ஆரம்பித்தார். எகிப்துக்குப் போனபோது சாம்பாரில் ஆடை படிந்தது. பாபிலோன் சிறையிருப்பில் பிள்ளைகள் அழத் தொடங்கின. அன்று போதகர் கிருபாநிதி ஐயர், அந்தப் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்பார்கள், அவர் தோளில் கைவைத்துச் சொன்னார்: "ஓய், ஆண்டவருக்கு நித்தியம் இருக்கு. நமக்குச் சோறு ஆறுது."

அதற்குப் பிறகு அவரை யாரும் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. சாவதற்குள் ஒருமுறை பிரசங்க பீடத்தில் ஏற வேண்டும். ஏறிய பிறகு யாராலும் இறக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், சபைக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் குத்திக்குச் செவ்வரளி மாலை வந்திருந்தது. அவர் பாலத்தில் வேலை செய்கிற எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இது சாமி இல்ல. வெள்ளைக்காரன் கொல்லன் பட்டறையில வார்த்த இரும்பு. செஞ்சவன் பேரே இதுல போட்டிருக்கு. வாசிக்கேன், கேளுங்க."

குத்தியின் வயிற்றில் ஆங்கில எழுத்துகள் புடைத்திருந்தன. துரு அப்பியிருந்தது. அவர் குனிந்து, காற்றுக்கு மேலாகக் கேட்கும்படி உரக்க வாசித்தார்.

"மாடம்."

சிவனணைந்தபெருமாளுக்கு உடம்பு சிலிர்த்தது. "மாடனா?"

"மாடன் இல்லடே, மாடம்... இரு." துருவை நகத்தால் சுரண்டினார். முதல் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. "எம். ஆடம். அது ஒரு வெள்ளைக்காரன் பேரு. எம். ஆடம் அண்ட் சன்."

ஆனால் மாடன் என்ற சொல் கூட்டத்தின் கடைசிவரை போய்விட்டது. சுடலைமாடனுக்குக் கடலோரத்தில் இருப்பிடம் இல்லை என்கிற குறை அவர்களுக்கு முன்பே உண்டு. புள்ளியைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

தோணியை நடத்துகிற தண்டல் வில்பிரட் மட்டும் தள்ளி நின்று யோசித்துக்கொண்டிருந்தான். மெழுகுவத்தி அவனுடையதுதான். விழுந்த மூட்டைகள் அவன் தோணியிலிருந்து தூக்கியவை.

"ஐயா, அந்த அண்ட் சன்னு சொன்னியளே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"மகனும்னு அர்த்தம்."

"அப்ப, மாடமும் மகனுமா?"

"ஆமா... இல்ல, எம். ஆடமும் மகனும்."

வில்பிரட் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்தான். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டான். "மாதாவும் மகனும்" என்றான் மெதுவாக. "எழுதியே வச்சிருக்கான். நாங்கதான் இங்கிலீசு தெரியாமக் கெடந்திருக்கோம்."

இரண்டு சாமியானதில் சண்டை வரும் என்று தேவபிரசாதம் எதிர்பார்த்தார். கொஞ்சம் ஆசையோடும் எதிர்பார்த்தார். சண்டை வரவில்லை. கடலைப் பார்த்த பக்கம் மாதாவுக்கு, கிட்டங்கியைப் பார்த்த பக்கம் மாடனுக்கு என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். கடல்காற்றில் மெழுகுவத்தி நிற்கவில்லை என்று வில்பிரட் முறையிட்டபோது மாடன் பக்கத்திலேயே ஏற்றிக்கொள்ள மேஸ்திரி அனுமதித்தான்.

வில்பிரட் தன் கத்தோலிக்கக் கோயிலின் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டான். தன் அனுமதி இல்லாமல் மாதா எங்கும் தோன்ற முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். "அவிய சொல்லுததும் நியாயந்தான்" என்றான் திரும்பி வந்து. "அனுமதி வாங்காம வந்துட்டா. வந்தவள எப்பிடி அனுப்ப?" சிவனணைந்தபெருமாளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கோயில் கொடைக்குக் கொடை சாமியாடுகிறவன் அவன். வெள்ளிக்கிழமை குத்தியின் முன்னால் உடம்பை முறுக்கி, பல்லைக் கடித்து, மாடனின் குரலில் பேசினான். "எனக்குக் கெடா வேண்டாம். சுருட்டு வேண்டாம். தாலி ஐயா சொல்லுதாருல்லா, அந்த நீள வார்த்த... அது போதும்."

டாலி என்பது அவன் வாயில் எப்போதும் தாலிதான். சாமி வந்தபோதும் மாறவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரம் முடிந்து சங்கு ஊதியும் யாரும் மூட்டையில் கைவைக்கவில்லை. டாலி ஐயா ஜெபம் சொல்லாமல் கிரேனுக்குக் கீழே போவதில்லை என்றார்கள். தேவபிரசாதம் மாட்டேன் என்றார்.

"நான் வேற வேதம். நீங்க வேற. என் ஜெபம் உங்களுக்கு எப்பிடிடே உதவும்?"

அதற்கு வில்பிரட் பதில் வைத்திருந்தான். "எங்கப்பன் முத்துக்குளிக்கப் போன காலத்துல கடல்கட்டின்னு ஒருத்தர் இருப்பாராம். கரையில இருந்து மந்திரம் சொல்லிச் சுறா வாயக் கட்டுவாரு. முங்குதவன் எல்லாம் வேதக்காரன். மந்திரம் சொல்லுதவரு இந்து. அவரு சொல்லாம ஒருத்தன் தண்ணியில காலு நனைக்க மாட்டான். சொந்தச் சாமிகிட்ட நம்ம வண்டவாளம் எல்லாம் இருக்கு ஐயா. வெளியாளு சொன்னாத்தான் கேக்கும்."

கம்பெனி மேனேஜர் வெளியே வந்தார். கப்பல் காத்து நின்றது. "மிஸ்டர் தேவபிரசாதம், ரெண்டு நிமிஷம் கண்ண மூடுங்களேன். உங்களுக்கு என்ன நஷ்டம்?"

இரண்டு நிமிஷம் என்பது அவர் சுபாவத்தில் இல்லை. குத்தியிலிருந்து விலகி, கடலைப் பார்த்து நின்று, ஆதியிலிருந்து தொடங்கினார். மேனேஜர் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். நடுவில் ஓரிடத்தில் தேவபிரசாதத்துக்குச் சந்தேகம் வந்தது. இருமல் இல்லை. செருப்புத் தேய்க்கிற சத்தம் இல்லை. எல்லோரும் போய்விட்டார்களோ என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஜெபத்தின் நடுவில் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். நூறு பேர் அசையாமல் நின்றார்கள். ஒருவன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். பார்வோனின் சேனை கடலில் முங்கியபோது "அப்பிடிப் போடு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அன்று வீட்டில் அவர் அதிகம் பேசவில்லை. ஜெயபாய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

பிறகு தினமும் ஜெபம் நடந்தது. ஒரு மாதம் எந்த விபத்தும் இல்லை. அவர் கிரேன் கயிற்றை மாற்ற வேண்டும் என்றார். அவர் சொன்னதற்காகவே மாற்றினார்கள். விபத்து இல்லாததற்குக் காரணம் புதுக் கயிறு என்று அவர் சொன்னதை மட்டும் யாரும் ஏற்கவில்லை. தண்ணீர்ப் பானை வைக்கச் சொன்னார், வைத்தார்கள். கெட்ட வார்த்தை பேசக்கூடாது என்றார், பாலத்துக்கு வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். பிரசங்க பீடம் ஏறாமலே ஒரு சொல்லுக்கு நூறு பேர் அசைவதைப் பார்த்தார். அதை அவர் ரசித்தார். ரசித்ததற்காக இரவில் மன்னிப்புக் கேட்டார். அந்த ஜெபமும் நீளமாக இருந்தது.

செய்தி சபைக்குப் போய்ச் சேர்ந்தது. போகிற வழியில் வளர்ந்தும் இருந்தது. நாசரேத்துக்காரர் ஒருவர் பாலத்தில் இரும்புத் தூணுக்குச் சோறு படைக்கிறார் என்று சொன்னார்கள். கிருபாநிதி ஐயர் வீட்டுக்கே வந்தார். ஜெயபாய் காப்பி கொடுத்துவிட்டுக் கதவருகில் நின்றாள்.

"ஓய், நான் கேள்விப்பட்டது நெசமா?"

"ஐயரே, ஆதியில நடந்தது என்னன்னா..."

"ஆதி வேண்டாம். குத்தி இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"மாலை?"

"அவங்க போடுதாங்க."

ஐயர் காப்பியை ஆற்றினார். "ஸ்தோத்திரப் பண்டிகைக்குப் பிரசங்கியார் வேணும். சாத்தான்குளத்துக்காரர் வரமாட்டேன்னுட்டாரு. உம்ம பேரு என் மனசுல வந்துச்சு."

தேவபிரசாதத்தின் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து காப்பி வேட்டியில் வழிந்தது. அவருக்குச் சுடவில்லை.

"ஆனா குத்திய வச்சுக்கிட்டுப் பீடத்துல ஏற முடியாது. அந்த ஜனங்க முன்னாலயே அது வெறும் இரும்புன்னு நிரூபியும். வெள்ளிக்கிழமை மத்தியானம் நானே வந்து பாக்கேன். என் கண்ணால பாத்தா பீடம் உமக்கு."

ஐயர் போன பிறகு ஜெயபாய் கேட்டாள். "எப்பிடி நிரூபிப்பீங்க?"

"மேல ஏறி உக்காருவேன். செருப்போட. சாமின்னா சும்மா விடுமா? ஒண்ணும் நடக்காதுல்லா. அப்பப் புரிஞ்சுக்கிடுவாங்க."

"ஒண்ணும் நடக்கலேன்னா என்ன நெனைப்பாங்கன்னு யோசிச்சீங்களா?"

அவர் யோசிக்கவில்லை. பிரசங்கத்துக்கு வசனம் தேடிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பாலத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். கிரேன் ஓட்டுகிறவனும் இறங்கி வந்திருந்தான். தேவபிரசாதம் குத்திக்குப் பக்கத்தில் நின்று பேசத் தொடங்கினார். இது ஜெபம் இல்லை, பிரசங்கம். வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்திருந்தது. மனிதன் மரத்தை வெட்டிப் பாதியை அடுப்பில் வைத்து, மீதியைக் கும்பிடுகிற மடமையைச் சொன்னார். கைகள் தாமாக உயர்ந்தன.

"இதுக்குக் கண்ணு இருக்கா?"

"இல்ல" என்றார்கள்.

"வாய் இருக்கா? காது இருக்கா?"

"இல்ல."

"அப்ப இது என்னது?"

"லிங்கத்துக்கும் கெடையாது ஐயா" என்றான் சிவனணைந்தபெருமாள். எடுத்துக் கொடுக்கிற பணிவோடுதான் சொன்னான்.

தேவபிரசாதம் அதைத் தாண்டிப் போனார். "நான் இப்ப இதுமேல ஏறி உக்காரப் போறேன். இதுக்குச் சக்தி இருந்தா என்னைத் தள்ளட்டும்."

கூட்டம் பின்வாங்கியது. அவர் மாலையை ஒதுக்கி, வேட்டியை மடித்து, செருப்புக்காலைப் பாலத்தின் சட்டத்தில் ஊன்றி, குத்தியின்மேல் ஏறி உட்கார்ந்தார். கிரேன் சங்கிலி காற்றில் கிலுங்கியது. ஒரு கடற்காக்கை கத்திக்கொண்டு போனது. அவர் விழவில்லை. எரியவில்லை. குத்தி வெயிலில் காய்ந்திருந்ததால் கொஞ்சம் சுட்டது. முகத்தில் காட்டவில்லை.

"பாத்தீங்களா? ஒண்ணும் நடக்கல."

சிவனணைந்தபெருமாளின் கண்ணில் தண்ணீர் நின்றது.

"மாடன் மடியில எடம் குடுத்துட்டான்" என்றான். "வேற எவனாவது ஏறியிருந்தா ரத்தம் கக்கியிருப்பான்."

வில்பிரட் முழங்காலில் நின்றான். இத்தனை நாளாக அவனுக்கு ஒரு விஷயம் பிடிபடாமல் இருந்தது. மாதா சரி. மகன் எங்கே என்பதுதான் அது. இப்போது பிடிபட்டுவிட்டது.

"மாடமும் மகனும்" என்றான். "மாதா மடியில பிள்ள."

நூறு பேர் கை கூப்பினார்கள்.

அந்த நேரத்தில் கிருபாநிதி ஐயர் வெள்ளை அங்கியோடு பாலத்துக்குள் நடந்து வந்தார். அவர் கண்டது இதுதான்: செவ்வரளி மாலை, குங்குமம், எரிகிற மெழுகுவத்தி, சாம்பிராணிப் புகை, கூப்பிய கைகள், எல்லாவற்றுக்கும் மேலே காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு தன் சபையின் அங்கத்தினர்.

"ஐயரே, நான் நிரூபிச்சிட்டு இருக்கேன்" என்றார் தேவபிரசாதம் மேலிருந்து.

"தெரியுது."

சிவனணைந்தபெருமாள் ஐயருக்கு வழிவிட்டான். "தாலி ஐயாவுக்கு வேண்டப்பட்டவியளா? அப்ப நீங்களும் ரெண்டு வார்த்த சொல்லணும்."

ஐயர் தயங்கினார். ஆனால் கூட்டம் ஏற்கெனவே தலை குனிந்துவிட்டது. குனிந்த தலைகளைப் பார்த்தும் ஜெபிக்காமல் போகிற பழக்கம் அவருக்கும் இல்லை. கண்ணை மூடினார். வேலை, தொழிலாளர், பாதுகாப்பு, ஆமென். நறுக்காக முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார். யாரும் அசையவில்லை. இன்னும் வரும் என்று காத்திருந்தார்கள்.

"முடிஞ்சிச்சு" என்றார் ஐயர்.

"அவ்வளவுதானா?" என்றான் வில்பிரட்.

மேஸ்திரி சமாதானமாகச் சொன்னான். "பரவால்லைய்யா. பழகப் பழக வரும்."

ஐயரின் காது சிவந்தது. திரும்பி நடந்தார். தேவபிரசாதம் குத்தியிலிருந்து இறங்கி, ஒரு செருப்பு கழன்று விழ, பின்னாலேயே ஓடினார். பாலத்தின் வாசலில் ஐயர் சைக்கிள் ரிக்ஷாவில் ஏறிய பிறகுதான் பேசினார்.

"உமக்கு எதுக்குவே பிரசங்க பீடம்? அதான் இரும்புலயே போட்டு வச்சிருக்காங்களே."

"ஐயரே, ஸ்தோத்திரப் பண்டிகை..."

"வேற ஆளப் பாத்துக்கிடுதேன். அஞ்சு நிமிசத்துல முடிக்கிற ஆளா."

ரிக்ஷா போன பிறகும் அவர் வாசலில் ஒற்றைச் செருப்போடு நின்றார். மற்றச் செருப்பை யாரோ எடுத்து வந்தார்கள். கையில் கொடுக்கவில்லை. காலருகில் வைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. வெளியே யூரியா கப்பல் நின்றது. தேவபிரசாதம் எட்டு மணிக்கு வந்தார். காலையில் வில்பிரட்டின் தோணி இரண்டு நடை வந்தது. மத்தியானச் சங்கு ஊதியதும் அவர் தூக்குச்சட்டியைக் குத்தியில் வைக்காமல் கிட்டங்கிப் படியில் வைத்தார். குத்திக்கு முதுகைக் காட்டி நின்றார். கூலிகள் சாப்பிட்டுக் கை கழுவி எழுந்து, அவரும் குத்தியும் ஒரே நேராகத் தெரிகிற இடத்துக்கு நகர்ந்து நின்றுகொண்டார்கள். யாருடைய சோறும் ஆறவில்லை. ஜெபத்துக்கு முன்னாலேயே சாப்பிட்டுவிடுவது என்று அந்த வாரம்தான் முடிவு செய்திருந்தார்கள். அவர் கண்ணை மூடி ஆதியிலிருந்து தொடங்கினார். சாயந்திரம் யூரியா இறக்கி முடிந்தது. சில மூட்டைகள் கிழிந்திருந்தன. அவற்றைத் தனியாக அடுக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.